பதினொருவர் வேண்டும்

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

கல்லூரி ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒரு வகையினர் உடற்கல்வித் துறையின் ஆண்டறிக்கையை எழுதுவோர். மற்றவர் 'விளையாட்டின் பயன்கள்' என்று தலைப்பிட்டு, உடல்நலம், ஒழுக்கம், ஒற்றுமை என்று வரிசைப்படுத்துவோர். இக்கட்டுரை இரண்டிலும் சேராது. இது ஒரு வழக்கு. நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கன்று. வீட்டில் அம்மாவிடம் பிள்ளைகள் தொடுப்பார்களே, கேட்டது கிடைக்கும் வரை ஓயாத வழக்கு, அதைப் போன்றது. கேட்பது இதுதான்: மாணவியர்க்கு ஒரு கால்பந்து அணி.

சிரிக்க வேண்டுவோர் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். நான் காத்திருக்கிறேன்.

2018 பிப்ரவரியில் ஒடிசா மாநிலத்துக் கட்டாக் நகரில் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. ஒரு புறம் மணிப்பூர். அக்கோப்பையைத் தன் வீட்டுப் பாத்திரம் போல ஆண்டுக்காண்டு எடுத்துச் சென்று பழகிய அணி. மறுபுறம் தமிழ்நாடு. அதுவரை ஒரு முறையேனும் அதை வென்றறியாத அணி. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தமிழ்நாடு வென்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில் அமிர்தசரசில், அரியானாவை அதே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தி மீண்டும் அக்கோப்பையை வென்றார்கள் நம் பெண்கள். இடையில் 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது அணி, மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இந்த மூன்று செய்திகளையும் அறிந்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். கிரிக்கெட்டில் எந்த ஆட்டத்தில் யார் எத்தனையாவது பந்தில் ஆட்டமிழந்தார் என்று சொல்லக்கூடிய நண்பர்கள்கூட, "மகளிர் கால்பந்தா? தமிழ்நாட்டிலா?" என்றே கேட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்வானேன்? எனக்கே தெரியாது. 2018-இல் நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் கோப்பையைத் தூக்கிய அதே ஆண்டில்தான் நான் பந்தை விட்டேன்.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட குப்பம் எங்களுடையது. கரையில் ஏற்றிவைத்த இரண்டு ஃபைபர் படகுகளுக்கு நடுவேதான் எங்கள் கோல். நான் கோல்கீப்பர். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குத் திறமை காரணமில்லை. ஓடுகிற வேலையைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் மணலில் விழுந்து எழ எனக்கு அச்சமில்லாதிருந்தது. ஏழாம் வகுப்பு முடியும் தறுவாயில் வீட்டில் எனக்குத் தாவணி கட்டிச் சடங்கு செய்தார்கள். அதன் பிறகு கரைக்குப் போகலாம், மீன் ஏலத்தில் அம்மாவுக்குத் துணையாக நிற்கலாம், கூடையும் தூக்கலாம். பந்து மட்டும் கூடாது. யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. "இனிமே எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் பாட்டி. ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் எத்தனை கோல்கீப்பர்களை நம் கடற்கரை இழந்திருக்கிறது என்று பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தேன்.

இது எங்கள் பாட்டி கண்டுபிடித்த விதியன்று. பிள்ளைத்தமிழ் படித்தவர்களைக் கேளுங்கள். பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பாலுக்கோ சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் என்பது என்ன? சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டை ஆண் குழந்தை காலால் உதைத்துச் சிதைப்பது! அதைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவது பாட்டு. உதைக்கும் உரிமை அன்றே யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். பந்தாடும் பெண்கள் நம் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். புலவர் அவள் ஆடும் அழகைப் பாடுகிறார். வளையும் சிலம்பும் ஒலிப்பது நமக்கும் கேட்கிறது. பந்து எங்கே போயிற்று, யார் வென்றார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. குற்றாலநாதரின் பவனி வந்தது, காதல் வந்தது, ஆட்டம் பாதியில் நின்றது. தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும். நான் குறவஞ்சியின் சுவையைக் குறை கூறவில்லை. ஆடும் பெண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம், அவள் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் வாதம்.

மேல்நாட்டாரும் இதில் நமக்கு அண்ணன்மார்தாம். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலையில் வெடிகுண்டு செய்த பெண்கள் 'டிக் கெர்' என்ற பெயரில் ஒரு கால்பந்து அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, 1921 டிசம்பரில், பெண்கள் கால்பந்தாடுவது தகாது என்று கூறி, ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. மீண்டும் திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆட்கள் வராததால் அல்ல, வந்ததால்தான் மூடினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி, சிறுமியாக இருந்தபோது ஆண் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பையன்களோடு ஆட இடம்பிடித்தாராம். அவர் பின்னர் இந்திய அணியின் தலைவரானார். 2020-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மாமல்லபுரக் கரைக்கு விளையாட்டு புதிதா? 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது உலகமே நம் வாசலில் வந்து நின்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இந்தியாவிலேயே முதன்முறையாக இதே மாமல்லபுரத்தில் நடந்தது. மீனவர் குடும்பத்துப் பெண்ணான கமலி மூர்த்தி, சிறுமியாக இருக்கையில் கவுன் அணிந்து, வெறுங்காலோடு சறுக்குப் பலகையில் இறங்கும் புகைப்படம் உலகெங்கும் பரவியது. அவரைப் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவர் அலைச்சறுக்கிலும் தேசிய அளவில் பட்டம் வென்றவர். அவரைக் கண்டு எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்கிறது. (எங்கள் ஊரில் ஒரு பெரிய பந்தும் உண்டு. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்பார்கள். சரிவில் நின்று நூற்றாண்டுகளாக யாராவது உதைக்கமாட்டார்களா என்று காத்திருக்கிறது.)

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சதுரங்கம் ஒருவர் ஆடுவது. அலைச்சறுக்கு ஒருவர் ஏறுவது. ஒரு பெண்ணுக்குத் துணிவும், அவள் தாய்க்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான துணிவும் இருந்தால் ஒரு வீராங்கனை தோன்றிவிட முடியும். கால்பந்து அப்படியன்று. பதினொரு பெண்கள், மாற்றாட்கள் நால்வரைச் சேர்த்தால் பதினைந்து பெண்கள், ஒரே நாளில் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். பதினைந்து தாய்மார் சம்மதிக்க வேண்டும். பதினைந்து பேருக்கும் வீடு திரும்பப் பேருந்து வேண்டும். தனி ஒருத்தியின் துணிச்சல் இங்கே செல்லாது. ஒரு நிறுவனம் முன்வந்தால்தான் முடியும். பெண்களைக் கூட்டமாக ஒரே இடத்தில் சேர்க்கிற நிறுவனம் நம் வட்டாரத்தில் எது? கோயில் திருவிழாவை விட்டால் கல்லூரிதான்.

கட்டாக்கில் வென்ற அணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது இந்த உண்மைதான் எனக்கு விளங்கிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஊரிலிருந்து தெற்கே போய், புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் ஏறிய அதே அலைதான் அங்கும் ஏறியது. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் இந்திரா காந்தி பெயரால் ஒரு விளையாட்டு, கல்வி அகாடமி நடத்தி, ஆதரவற்ற சிறுமியரையும் ஏழை வீட்டுப் பெண்களையும் சேர்த்துப் பந்து கற்றுக் கொடுத்தார். அந்த அகாடமி 2017-18 பருவத்தில் இந்திய மகளிர் லீகிலேயே தனி அணியாக ஆடியது. கடலூர் தந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன். ஆட்டோ ஓட்டுநரின் மகள். நடுக்கள ஆட்டக்காரர். 2019-இல் நேபாளத்தில் தெற்காசியப் பட்டத்தை வென்ற இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரான அவர், 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சீருடையில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார்.

கடலூர்ப் பெண்களுக்கு நம்மைவிடக் கால் நீளமா? கடல் காற்று வேறா? இல்லை. அங்கே தங்க இடம், சோறு, மைதானம், நாள்தோறும் தவறாமல் விசில் ஊத ஒரு மனிதர் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடின. கோப்பை பிறகு வந்தது. நாமோ கோப்பையை முதலில் கேட்கிறோம். "பெண்கள் அணி அமைத்தால் மண்டலப் போட்டியில் பரிசு வருமா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். வராது. முதல் ஆண்டு வரவே வராது. முதல் ஆட்டத்தில் ஏழெட்டு கோல் வாங்குவோம். நான் கோலில் நின்றால் பத்து.

கோப்பையை மட்டும் நம்பியவர்களுக்கு நேர்ந்ததையும் பார்த்துவிட்டோம். 2018-19 பருவத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9, கடைசி நாள், கோயம்புத்தூர் நேரு மைதானம். மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டுவிட்டது. பிறகு சென்னை சிட்டி மூன்று கோல் போட்டு வென்று 43 புள்ளிகளில் முடித்தது. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! அந்தப் பருவத்தில் பெத்ரோ மான்சி என்பவர் மட்டும் 21 கோல் போட்டார். தமிழ்நாடே கொண்டாடியிருக்க வேண்டிய பருவம் அது. 2021-22 பருவத்து ஐ-லீக் அணிகளின் பட்டியலிலோ சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கோப்பை வென்ற அணியே அப்படி மறையும் என்றால், நாளை வெல்வதற்காக மட்டும் ஓர் அணியை அமைப்பது பொருளியல் படித்தவள் என்ற முறையிலும் எனக்கு ஒப்பாது.

பொருளியல் என்றதும் செலவுக் கணக்கைக் கேட்பார்கள். கால்பந்தைவிடச் சிக்கனமான ஆட்டம் உண்டா? ஒரு பந்தை இருபத்திரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறோம். மட்டை வேண்டாம், பலகை வேண்டாம், வலைகூட இரண்டு முனையில்தான். (வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.) 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 என்றானது. எனவே பணம் தடையன்று. தடை எது என்று நான் சொல்கிறேன்: மாலை ஐந்து மணி.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குத் திரும்பும் மாணவியர் எல்லாருக்கும் இது தெரியும். கடைசி வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடுகிறோமே, அந்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு பயிற்சியாளர் வந்தால் அங்கேயே அணியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்ததில் இடம் கிடைக்காது. அதற்கும் அடுத்ததில் போனால் இருட்டிவிடும். இருட்டிய பின் வந்தால் நாளை முதல் கல்லூரியே கேள்விக்குறி. மைதானத்தில் மாலை வெயில் தணிந்து பயிற்சி தொடங்கும் வேளையில் நாங்கள் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்கள் ஆறரை மணிவரை ஆடிவிட்டு, தேநீர் குடித்து, நின்று பேசி, பிறகு வீடு போகலாம். அவர்கள்மீது எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

ஆகவே நான் கேட்பது வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளை. அந்த ஒரு மணி நேரத்தை மாணவியர் விளையாட்டு நேரமாக்கி, அங்கே எடுக்கும் வருகைப்பதிவை வகுப்பு வருகையாகக் கணக்கிட வேண்டும். அந்நேரம் மைதானத்தில் கிரிக்கெட் பந்து பறக்கக்கூடாது. மைதானத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள். விளையாட்டு விழாவில் எலுமிச்சைக் கரண்டி ஓட்டத்தையும் இசை நாற்காலியையும் எங்களுக்கென்று ஒதுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டால் இன்னும் நல்லது. இருபது வயதுப் பெண் கரண்டியை வாயில் கவ்வி எலுமிச்சம்பழத்தோடு நடப்பதில் என்ன தடகளம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

படிப்பு கெடும் என்பார்கள். நான் பந்தை விட்ட பின் ஏழாண்டுகளில் என் மதிப்பெண் அதனால் ஏறியதாகத் தெரியவில்லை. ஆடை பற்றிக் கேட்பார்கள். முழுக்கால் உடையும் உள்சட்டையும் அணிந்து ஆட விதி இடம் தருகிறது; தலையை மூடி ஆடுவதற்கும் 2014-இல் பன்னாட்டு விதிக்குழு அனுமதி தந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி அம்மாவுடையது. அதுதான் கடினமான கேள்வி. "கால் ஒடஞ்சா எவன் கட்டிக்குவான்?" என்றார். அம்மா நாள்தோறும் விடியற்காலையில் ஏலம் எடுத்து, மீன்கூடையோடு பேருந்துப் படியில் ஏறி இறங்கி, திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் நடந்து விற்றுவிட்டு வருகிறார். அந்தக் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்னேன். "நான் ஆசைக்கா நடக்குறேன்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. ஆசைக்காக ஓடுவதற்கு ஒரு மணி நேரம் அவருக்குக் கிடைத்ததே இல்லை. மறுநாள் காலை கூடையைத் தூக்கும்போது, "எந்தெந்தக் கிழமை?" என்று கேட்டார்.

இதை எழுதும்போது பெயர் கொடுத்திருப்பவர்கள் ஒன்பது பேர். பொருளியலில் மூவர், வரலாற்றில் இருவர், வணிகவியலில் இருவர், தமிழில் ஒருவர், கணிதத்தில் ஒருவர். இவர்களில் எழுவர் பேருந்தில் வருபவர்கள். இதற்கு முன் பந்தை உதைத்தே அறியாதவர்கள் ஐவர். இந்த ஆண்டுடன் நான் கல்லூரியை விட்டுப் போகிறேன். ஆகவே முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவியர் வந்தால் நல்லது. இன்னும் இருவர் வேண்டும். அவர்களில் ஒருத்திக்காவது என்னைவிட நன்றாகக் கோலில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.